தள்ளுபடி இருந்தும் தயங்குவது ஏன்? வீட்டு எரிசக்தித் திட்டங்களும் ஒப்பந்ததாரர்களும்

வீடுகளில் வீணாகும் எரிசக்தியைக் குறைப்பதற்காக மேலை நாடுகளின் அரசுகளும் மின்சார, எரிவாயு நிறுவனங்களும் 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வகுத்துவந்த திட்டங்களில் பெரும்பாலானவை ஓர் எளிய கணக்கின்மீது எழுப்பப்பட்டவை. சிக்கனமான சாதனத்தின் விலை கூடுதலாக இருப்பதால் மக்கள் அதை வாங்கத் தயங்குகிறார்கள் என்றும், அந்த விலை வேறுபாட்டில் ஒரு பகுதியைத் தள்ளுபடியாகக் கொடுத்துவிட்டால் தயக்கம் நீங்கிவிடும் என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. பணம் தருபவரும் பொருள் வாங்குபவரும் மட்டுமே அதில் இடம்பெறுகிறார்கள். வீட்டுக்குள் சென்று, கூரைப் பரணில் ஏறி, பழைய உலையைத் திறந்து பார்த்து, எதை மாற்றலாம், எவ்வளவு ஆகும், எப்போது முடியும் என்று சொல்கிற மூன்றாவது ஆளுக்கு, அதாவது வெப்பமூட்டல், குளிரூட்டல், குழாய், வெப்பக்காப்பு வேலைகளைச் செய்யும் ஒப்பந்ததாரருக்கு, அதில் இடம் ஒதுக்கப்படுவதில்லை. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ வீட்டைச் சூடேற்றும் இயந்திரத்தை எவரும் கடைக்குப் போய் அலமாரியிலிருந்து எடுத்து வருவதில்லை. ஒப்பந்ததாரர் பரிந்துரைப்பதையே வீட்டுக்காரர் பெரும்பாலும் வாங்குகிறார். ஆகவே அவர் வாய் திறக்காத தள்ளுபடி, சட்டப் புத்தகத்தில் எவ்வளவு தாராளமாக எழுதப்பட்டிருந்தாலும், அந்த வீட்டைப் பொறுத்தவரை இல்லாத ஒன்றே.

அவர் ஏன் வாய் திறப்பதில்லை என்ற கேள்விக்குத் திட்ட நிர்வாகிகள் வழக்கமாகத் தரும் விடை, அவருக்குப் போதிய விழிப்புணர்வு இல்லை, பயிற்சி இல்லை, புதிய தொழில்நுட்பத்தின்மீது நம்பிக்கை இல்லை என்பதாகும். அந்த விடையிலிருந்தே பயிலரங்குகளும் சான்றிதழ்களும் விளம்பரத்தில் பொறித்துக்கொள்ளும் முத்திரைகளும் பிறக்கின்றன. அறியாமைக்கு ஓரளவு பங்கு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் தயங்குபவர்களில் பலர் திட்டத்தை நன்றாக அறிந்தவர்கள், சிலர் ஒருமுறை சேர்ந்து பார்த்து விலகியவர்கள். அவர்களுடைய தயக்கம் பணத்தையும் நேரத்தையும் பழியையும் எடைபோட்டுப் பார்த்து எட்டிய முடிவாகும். கடந்த இருபதாண்டு வரலாற்றை வைத்துப் பார்த்தால், அந்த முடிவு பெரும்பாலும் சரியானதாகவே தெரிகிறது.

இதைப் புரிந்துகொள்ள அந்தத் தொழிலின் அமைப்பைப் பார்க்க வேண்டும். வெப்பமூட்டல், குழாய் வேலைத் துறைகளில் மிகப் பல நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பணியாளர்களைக் கொண்டவை. உரிமையாளரே வீட்டைப் பார்வையிட்டு விலைமதிப்பீடு எழுதுபவராகவும், கையில் கருவியோடு வேலை செய்பவராகவும், இரவில் பட்டியல் போடுபவராகவும் இருப்பார். விண்ணப்பங்களை நிரப்புவதற்கென்று ஓர் ஆளை வைத்துக்கொள்ளும் வசதி பெரிய நிறுவனங்களுக்கே உண்டு. மேலும் இத்துறையில் விற்பனையின் பெரும்பங்கு திட்டமிட்டு வருவதன்று. சனவரி மாதக் கடுங்குளிரில் உலை நின்றுபோன வீட்டுக்காரர் அன்று மாலைக்குள் வீடு சூடாக வேண்டும் என்று தொலைபேசியில் அழைக்கிறார். அவரிடம் திட்டத்தின் முன்னனுமதியைப் பற்றிப் பேசுவது, அதாவது வேலை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற விதியை விளக்குவது, அந்த வேலையையே இழப்பதாகும். வண்டியில் இருப்பதையோ, மொத்த விற்பனையாளரின் கிடங்கில் அன்றே கிடைப்பதையோ பொருத்திவிட்டுப் போகும் இன்னொருவர் அடுத்த தெருவிலேயே இருப்பார். சிக்கனமான இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்தும், வாங்கும் முடிவு உண்மையில் எடுக்கப்படும் அந்தச் சில மணி நேரத்தில் அந்தப் பணம் கைக்கெட்டாத தொலைவில் இருக்கிறது.

இந்தத் தயக்கம் எப்படி உருவாகிறது என்பதற்கு, ஏராளமான ஆவணச் சான்றோடு கிடைக்கும் எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் 'கிரீன் ஹோம்ஸ் கிராண்ட்' வவுச்சர் திட்டம். பெருந்தொற்றால் தளர்ந்திருந்த பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் நோக்கத்தோடு 2020 சூலையில் அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக் இதை அறிவித்தார். வவுச்சர்களுக்கென 150 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. சுவர்களிலும் பரணிலும் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் பொருள்களை நிரப்பும் வெப்பக்காப்பு வேலைக்கும், எரிவாயு கொதிகலனுக்கு மாற்றாக வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி வீட்டுக்குள் செலுத்தும் ஹீட் பம்ப் போன்றவற்றுக்கும், செலவில் மூன்றில் இரண்டு பங்கு, அதிகபட்சம் 5,000 பவுண்டு வரை அரசு தரும் என்றும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 10,000 பவுண்டு வரை முழுச் செலவையும் ஏற்கும் என்றும் சொல்லப்பட்டது. இலக்கு ஆறு லட்சம் வீடுகள். செப்டம்பர் 30 அன்று விண்ணப்பம் பெறத் தொடங்கிய திட்டம் 2021 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 47,500 வீடுகளே பயன்பெறும் என்றும், செலவாகும் 31.4 கோடி பவுண்டில் 5 கோடி நிர்வாகத்துக்கே போகும் என்றும் மதிப்பிட்டது. நிர்வாகச் செலவு மட்டும் வீட்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் வருகிறது.

ஒப்பந்ததாரரின் இடத்திலிருந்து பார்த்தால் இந்த எண்கள் வியப்புக்குரியவை அல்ல. அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் இடையே இருந்தது பன்னிரண்டு வாரம். வேலை செய்ய விரும்புகிறவர் 'டிரஸ்ட்மார்க்' என்ற தரப் பதிவையும், அதற்கு அடிப்படையாக, வெப்பக்காப்பு வேலைக்கென வகுக்கப்பட்ட 'பாஸ் 2030' தரச்சான்றையோ ஹீட் பம்ப் வேலைக்கான 'எம்சிஎஸ்' சான்றையோ பெற்றிருக்க வேண்டும். இவற்றைப் பெறக் கட்டணம் உண்டு, பயிற்சி உண்டு, தணிக்கையாளர் வந்து பார்க்கும் நாள் உண்டு, பணியாளரைப் பயிற்சிக்கு அனுப்பும் நாள்களில் இழக்கும் கூலியும் உண்டு. தொடக்கத்தில் திட்டத்தின் ஆயுளோ ஆறு மாதம் என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆறு மாதத்தில் முடிந்துவிடக்கூடிய ஒரு வாய்ப்புக்காக எந்தச் சிறு நிறுவனமும் சான்றிதழுக்கு முதலீடு செய்து, புதிதாக ஆள் சேர்க்காது. நவம்பரில் அரசு காலத்தை ஓராண்டு நீட்டித்தது. அதை நம்பி ஆயத்தமானவர்களுக்கு, மார்ச் இறுதியில் சில நாள் இடைவெளியோடு மூடல் அறிவிப்பு வந்தது. ஐயப்பட்டு விலகி நின்றவர் இழந்தது எதுவுமில்லை. அரசின் சொல்லை நம்பி முதலில் இறங்கியவரே இழப்பை ஏற்றார்.

சேர்ந்தவர்களின் நிலையை, அந்தத் திட்டம் உயிரோடிருந்த கடைசி மாதத்தில் நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் தணிக்கைக் குழு வெளியிட்ட அறிக்கை பதிவு செய்திருக்கிறது. முடித்த வேலைக்கான பணம் வந்து சேராமல் நிறுவனங்கள் தடுமாறின, சில ஆள்களை வேலையிலிருந்து நிறுத்தின. விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் கணினி அமைப்பு முழுமையாக இயங்காததால் ஒவ்வொன்றையும் கையால் சரிபார்க்க வேண்டியிருந்தது. வவுச்சர் விண்ணப்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை, தணிக்கை அறிக்கையின்படி 52 விழுக்காடு, நிராகரிக்கப்பட்டன அல்லது திரும்பப் பெறப்பட்டன. இவற்றைவிட ஆழமான காயம் வேறொன்று. மானியம் வரப்போகிறது என்று அரசு அறிவித்த நாளிலிருந்து, சொந்தப் பணத்தில் வேலை செய்துகொள்ளவிருந்த வீட்டுக்காரர்களும் வவுச்சருக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். ஆக, திட்டத்தில் சேராத நிறுவனத்தின் வழக்கமான வருமானத்தையும் அது தொட்டது. தொழிலை வளர்க்கும் என்று கணக்கிடப்பட்ட தொகை தொழிலை நிறுத்தி வைத்தது. 82,500 வேலைகள் வரை உருவாகும் என்ற எதிர்பார்ப்பு 5,600 என்ற மதிப்பீட்டில் வந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

பணம் தாமதமாவதைத் திட்ட வகுப்பாளர்கள் நிர்வாகக் குறையாகவே பார்க்கிறார்கள். சிறு நிறுவனத்துக்கோ அது கடன் கொடுப்பதற்குச் சமம். அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டம் வீட்டு எரிசக்தித் தள்ளுபடிகளுக்காக 880 கோடி டாலரை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அதில் ஒரு பிரிவின்படி, ஹீட் பம்புக்கு 8,000 டாலர் வரையிலான தள்ளுபடி, விற்பனை நேரத்திலேயே விலையிலிருந்து கழிக்கப்பட வேண்டும். கையில் பணமில்லாத குடும்பத்துக்கு இது நியாயமான, மனிதநேயமுள்ள ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டுக்காரர் கொடுக்காத அந்த 8,000 டாலரை அரசிடமிருந்து வரும்வரை வேறொருவர் தாங்க வேண்டும். ஒரு நிறுவனம் மாதத்துக்குப் பத்து வீடுகளில் இவ்வாறு பொருத்தி, தொகை வர இரண்டு மாதம் ஆகுமானால், எந்த நேரத்திலும் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் வெளியில் நிற்கும். மொத்த விற்பனையாளரோ இயந்திரத்துக்கு மாதக் கெடுவில் பணம் கேட்பார், பணியாளருக்கு வாரக் கூலி தர வேண்டும். இச்சட்டம் ஒப்பந்ததாரரை முற்றிலும் மறந்துவிடவில்லை. பொருத்துபவருக்கென ஒரு வேலைக்கு 500 டாலர் வரை ஊக்கத்தொகை தர இடமளித்தது. வங்கி வேலையையும் அலுவலக வேலையையும் சேர்த்துச் செய்பவருக்கு அது போதுமா என்பதை அவரவர் கணக்கே தீர்மானிக்கும்.

அலுவலக வேலை என்று சொல்வதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டு தெளிவாக்கும். குளிரூட்டியோ ஹீட் பம்போ ஒற்றைப் பொருளன்று. வெளியில் நிற்கும் பகுதியும் உள்ளே இருக்கும் சுருளும் காற்று செலுத்தும் பகுதியும் சேர்ந்தே அதன் திறனைத் தீர்மானிக்கின்றன. ஆகவே எந்த வெளிப்பகுதி எந்த உட்பகுதியோடு சேர்ந்தால் எவ்வளவு திறன் என்பதை ஏ.எச்.ஆர்.ஐ. எனப்படும் தயாரிப்பாளர் கூட்டமைப்பு சோதனை அடிப்படையில் சான்றளித்து, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அமெரிக்கத் தள்ளுபடி விண்ணப்பங்கள் பலவற்றில் இந்த எண் கட்டாயம். ஒப்பந்ததாரர் ஒரு சேர்க்கையைக் குறிப்பிட்டு விலை சொல்லியிருப்பார். வேலை நாளன்று கிடங்கில் அந்த உட்பகுதி இல்லாமல், தயாரிப்பாளர் அதே வரிசையில் கொண்டுவந்த புதிய மாதிரி கிடைக்கும். இயந்திரம் குறையின்றி இயங்கும், வீடு சூடாகும், வீட்டுக்காரர் மகிழ்வார். மாதிரி எண்ணின் கடைசி எழுத்து பட்டியலோடு பொருந்தாததால் தள்ளுபடி மறுக்கப்படும். இதனோடு, வீட்டின் அளவும் சாளரமும் சுவரும் கொண்டு தேவையான வெப்பத்தைக் கணக்கிடும் தாள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படம், உரிமத்தின் நகல், வருமானத் தகுதித் திட்டமானால் வீட்டுக்காரரின் ஆவணம் ஆகியவையும் சேர வேண்டும். அண்டை மாவட்டத்தில் வேறொரு மின்நிறுவனம் இருந்தால் வேறு படிவம், வேறு இணையத்தளம், வேறு தகுதிப் பட்டியல்.

மறுப்பு வரும்போது அது திட்ட அலுவலகத்தின்மீது விழுவதில்லை. வீட்டுக்காரருக்குத் தெரிந்த முகம் ஒன்றே. தள்ளுபடி உண்டு என்று சொல்லி விற்றவர் அவர், ஆகவே ஏமாற்றியவரும் அவரே. பக்கத்து வீட்டின் பரிந்துரையால் வாழும் தொழிலில் இந்தப் பழி பண இழப்பைவிடக் கொடியது. பலர் மறுக்கப்பட்ட தொகையைத் தம் கையிலிருந்து கொடுத்துப் பெயரைக் காத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு அவர்கள் எடுக்கும் முடிவு எளிதில் ஊகிக்கத்தக்கது: தள்ளுபடியைப் பற்றி எதுவும் சொல்லாமலிருப்பது, அல்லது விண்ணப்பத்தை வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது.

திட்டங்கள் திடீரென வருவதும் போவதும் இந்த அச்சத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றன. 2009 டிசம்பரில் அதிபர் ஒபாமா வீட்டுச் சீரமைப்புத் தள்ளுபடித் திட்டமொன்றை முன்வைத்தார். 'ஹோம் ஸ்டார்' என்ற பெயரில் அதற்கான மசோதா 2010 மே மாதம் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியும் செனட்டில் தேங்கி மறைந்தது. அதற்குள் தள்ளுபடிக்காகக் காத்திருந்து வேலையைத் தள்ளிப்போட்ட வீட்டுக்காரர்களை ஒப்பந்ததாரர்கள் பார்த்துவிட்டார்கள். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் தள்ளுபடியை முதன்முதலில் மக்களுக்குத் திறந்துவிட்ட மாநிலம் நியூயார்க், அதுவும் 2024 மே இறுதியில். சட்டம் கையெழுத்தாகி ஏறத்தாழ இருபத்தொரு மாதம் கழிந்திருந்தது. 2025 தொடக்கத்தில் புதிய நிர்வாகம் நிதி விடுவிப்பை நிறுத்தியபோது சில மாநிலங்கள் தத்தம் திட்டங்களை இடைநிறுத்தின. 2032 வரை நீடிக்கும் என்று எழுதப்பட்டிருந்த வீட்டுச் சீரமைப்பு வரிச்சலுகை 2025 சூலைச் சட்டத்தால் அந்த ஆண்டின் கடைசி நாளோடு முடிக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் என்ற உறுதியின் பேரில் ஆள் சேர்த்தவருக்கும், பயிற்சிக் கூடம் கட்டியவருக்கும் இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன என்பதை எந்த விழிப்புணர்வுப் பயிலரங்கும் மாற்றிவிட முடியாது.

இவ்வளவு சொன்ன பின், நிபந்தனைகளையெல்லாம் நீக்கிவிட்டால் போதுமே என்று எவரும் நினைக்கக்கூடும். அவ்வாறு செய்த நாடு ஆஸ்திரேலியா, அதன் விளைவு கொடுமையானது. 2009 பிப்ரவரியில் அறிவித்து சூலையில் முழு அளவில் தொடங்கிய வெப்பக்காப்புத் திட்டம், வீட்டுக்கு 1,600 ஆஸ்திரேலிய டாலர் வரை நேரடியாகப் பொருத்துபவருக்கே கொடுத்தது. பணம் விரைவாக வந்தது, பதிவு எளிதாக இருந்தது, மேற்பார்வையாளர் ஒருவருக்குத் தகுதி இருந்தால் பரணில் ஏறும் பணியாளருக்குப் பயிற்சி கட்டாயமில்லை என்ற நிலை இருந்தது. முன்பின் இத்தொழிலை அறியாத நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகள் நிரப்பப்பட்டன. நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். உலோகத் தாள் வெப்பக்காப்பை உலோக ஊசிகளால் அடிக்கும்போது மின்கம்பி துளைபட்டு மின்சாரம் பாய்ந்ததும், கடும் வெயிலில் பரணுக்குள் வேலை செய்ய விட்டதும் அந்த இறப்புகளின் காரணங்களில் அடங்கும். 2010 பிப்ரவரி 19 அன்று திட்டம் ஒரே நாளில் நிறுத்தப்பட்டது. 2014இல் அறிக்கை தந்த அரச விசாரணை ஆணையம் இறப்புகளோடு இன்னொன்றையும் ஆராய்ந்தது: திட்டத்துக்கு முன்பே பல்லாண்டுகளாக இத்தொழிலை ஒழுங்காக நடத்திவந்த நிறுவனங்களுக்கு நேர்ந்த அழிவு. கிடங்கு நிறையச் சரக்கோடும், வாங்க ஆளில்லாத சந்தையோடும், கெட்டுப்போன தொழில் பெயரோடும் அவர்கள் விடப்பட்டார்கள். பின்னர் அரசு அவர்களுக்கு இழப்பீடு வழங்க வேண்டியதாயிற்று.

எனினும் ஆஸ்திரேலியாவின் துயரத்தைக் காட்டிக் காகிதத்தைப் பெருக்குவதும் விடையாகாது என்பதற்கு மீண்டும் பிரிட்டனே சான்று. எரிசக்தி நிறுவனங்களின் செலவில் நடத்தப்பட்ட 'இகோ' திட்டத்திலும் அதன் துணைத்திட்டத்திலும் டிரஸ்ட்மார்க் பதிவும் பாஸ் தரமும் ஆவணப் பதிவேற்றமும் கட்டாயமாக இருந்தன. 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம், அவற்றின்கீழ் வெளிச்சுவர் வெப்பக்காப்பு பெற்ற வீடுகளில் 98 விழுக்காட்டில், அதாவது 22,000 முதல் 23,000 வீடுகளில், சரிசெய்தே தீரவேண்டிய பெருங்குறைகள் இருப்பதாகக் கூறியது. திறமையற்ற துணை ஒப்பந்தக்காரர்கள், எந்தத் தரம் எங்கே பொருந்தும் என்ற குழப்பம், வேலையில் குறுக்குவழி ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. படிவங்களை ஒழுங்காக நிரப்பத் தெரிந்தவரும் சுவரை ஒழுங்காகப் பூசத் தெரிந்தவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கடும் காகித நிபந்தனை எந்த ஒப்பந்ததாரரைத் தடுக்கிறது என்று கேட்க வேண்டும். கை நிறைய வேலையும் ஊரில் நற்பெயரும் உள்ளவருக்குத் திட்டம் தேவையில்லை, அவர் விலகிக்கொள்கிறார். தள்ளுபடியைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்குப் படிவம் ஒரு தடையே அன்று, அதற்கென ஆள் இருக்கிறார். இவ்வாறு, தரத்தைக் காக்க எழுந்த விதியே தரமானவரை வெளியே அனுப்பிவிடும் நிலை உண்டாகிறது. ஒப்பந்ததாரரின் தயக்கத்தைக் கவனிக்க வேண்டியதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியேறும் வழியைப் பேரளவில் காட்டியிருப்பது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலம். நாட்டிலேயே எண்ணெயைக் கொண்டு வீட்டைச் சூடாக்கும் குடும்பங்களின் விகிதம் மிக அதிகமான மாநிலம் அது. 2025க்குள் ஒரு லட்சம் ஹீட் பம்ப் என்று 2019இல் வகுத்த இலக்கை அது 2023 சூலையிலேயே எட்டியது. அங்கே 'எஃபிஷியன்சி மெய்ன்' என்ற ஒரே அறக்கட்டளை மாநிலம் முழுவதற்கும் பொறுப்பாக இருப்பதால் ஒப்பந்ததாரர் ஒரே விதித்தொகுப்பைக் கற்றால் போதும். தள்ளுபடி ஆண்டுக்காண்டு திருத்தப்பட்டாலும் திட்டம் அறுபடாமல் தொடர்ந்தது. வெந்நீர் ஹீட் பம்புகளுக்கு அந்த அறக்கட்டளை இன்னும் ஒரு படி மேலே சென்று, தள்ளுபடியை மொத்த விற்பனையாளரின் கடையிலேயே கழித்துவிடச் செய்தது. 'இடைநிலைத் தள்ளுபடி' எனப்படும் இம்முறையில் படிவம் நிரப்புவதும் தொகைக்காகக் காத்திருப்பதும் அலுவலகமும் மூலதனமும் உள்ள விற்பனையாளரின் பொறுப்பாகின்றன. ஒப்பந்ததாரருக்கு அந்தச் சாதனம் விலை குறைந்த ஒன்றாக மட்டுமே தோன்றும். வெந்நீர்க் கலன் பழுதான இரவில் கிடங்கிலிருந்து எடுத்துவர அவருக்கு எந்த முன்னனுமதியும் தேவைப்படாது.

இம்முறை பெட்டியில் அடைத்து விற்கும் இயந்திரத்துக்கே பொருந்தும். வீட்டின் காற்றுக் கசிவை அடைப்பதும் பரணில் வெப்பக்காப்பு நிரப்புவதும் எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருள்களல்ல, அவை உழைப்பு. வாசலில் பெரிய மின்விசிறியைப் பொருத்திக் காற்றை வெளியேற்றி, 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் வீடு எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் சோதனையை வேலைக்கு முன்னும் பின்னும் செய்தால்தான் அந்த உழைப்பு நடந்ததா என்பது தெரியும். அந்தச் சோதனை காகிதத்தைவிட நம்பகமானது, புகைப்படத்தைவிட நேர்மையானது. ஆனால் அதற்குக் கருவி வேண்டும், பயின்ற ஆள் வேண்டும், வீட்டுக்கு இரண்டு முறை செலவாகும் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கான கூலியைத் தள்ளுபடித் தொகைக்குள் அடக்கிவிட்டு, ஒப்பந்ததாரர் அதை இலவசமாகச் செய்வார் என்று எதிர்பார்க்கும் திட்டங்களில் அவர் சேராமல் நிற்கிறார். அளவிடும் வேலையைத் தனி வேலையாக ஏற்று, அதற்குத் தனியே, வேலை முடிந்த வாரத்திலேயே பணம் தரும் திட்டம் அவரைச் சேரும்படி கேட்டுக்கொள்ள உரிமை பெறுகிறது.